மூத்த பூனையை அளந்து பார்த்துப் பராமரித்தல்

பூனைக்குப் பத்து வயது தாண்டியதும் வீட்டில் ஒரு பேச்சு வந்துவிடும்: "வயசாயிடுச்சு, அதான் சும்மா படுத்தே கிடக்கு." அந்தப் பேச்சை நம்பாதீர்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. மூப்பு ஒரு நோயல்ல. ஆனால் மூப்பின் கணக்கில் நாம் எழுதிவிடுகிற மெலிவு, அசைவின்மை, ஓயாத தாகம், நள்ளிரவில் கத்துவது ஆகியவற்றின் பின்னால் பெயர் சொல்லக்கூடிய ஒரு நோய் இருக்க வாய்ப்பு மிகுதி. அவற்றில் பல மருந்துக்குக் கட்டுப்படுபவை. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது என்பதுதான் சிக்கல். வேட்டையாடும் விலங்காக இருந்தாலும், தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகிவிடும் சிறிய உயிர் அது. நோவை வெளிக்காட்டுவது அதற்கு ஆபத்து. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வயது கடந்த பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 சதவீதத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. நொண்டி நடக்கும் பூனைகளோ அபூர்வம். தாவுவதை நிறுத்திவிட்டு, தரையிலேயே இருந்து பழகிக்கொள்வதுதான் பூனையின் வழக்கம்.

ஆகவே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெதுவான மாற்றம் புலப்படாது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாள்பட்ட சிறுநீரக நோய் வந்த 500க்கும் மேற்பட்ட பூனைகளின் பழைய எடைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தது. நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்கியிருந்தது. கடைசி 12 மாதங்களில் மட்டும் இடைநிலையாக ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்திருந்தது. தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால், நோயை அதன் தொடக்கத்திலேயே பிடிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அதே நோட்டுதான், சிகிச்சை இனிப் பூனைக்கு உதவவில்லை என்பதையும் உங்களுக்கு நேர்மையாகச் சொல்லும்.

தொடங்கும் முன் தேவையானவை

- 5 அல்லது 10 கிராம் மாற்றத்தைக் காட்டும் டிஜிட்டல் தராசு. ஆட்கள் ஏறி நிற்கும் எடை மெஷின் இதற்கு உதவாது.
- தராசின் மேல் வைக்க, பூனை உட்காரும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கூடை.
- மில்லி அளவு குறித்த குவளை, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சுகள், நகவெட்டி.
- மேல்பக்கமும் திறக்கக்கூடிய பூனைக்கூண்டு.
- ஒரு நோட்டு. செல்போனிலும் எழுதலாம், ஆனால் வீட்டில் எல்லோரும் எழுதும்படி ஃபிரிட்ஜ் அருகே தொங்கும் நோட்டு இன்னும் நல்லது.

வாரம் ஒருமுறை: ஆறு சோதனைகள்

ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் செய்யுங்கள். தண்ணீரையும் மூச்சையும் தவிர மற்றவற்றுக்குக் கால் மணி நேரம் போதும்.

1. எடை. காலிக் கூடையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுப் பூனையை உட்கார வையுங்கள். நான்கு கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் அது 5 சதவீதம். 60 கிலோ மனிதர் மூன்று கிலோ இளைத்ததற்குச் சமம்.
2. தசை. முதுகெலும்பின் இருபுறமும் விரல்களால் மெல்லத் தடவுங்கள். எலும்பு முனைகள் தனித்தனியாகத் தட்டுப்பட்டு, பக்கவாட்டில் குழி விழுந்திருந்தால் தசை கரைகிறது என்று பொருள். தொப்பை தொங்கும் பூனைக்கும் இது நடக்கும்.
3. தண்ணீரும் சிறுநீரும். அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து கழியுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லியைத் தாண்டிக் குடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லிட்டர் பாக்ஸில் (பூனை மலசலம் கழிக்கும் மணல் தட்டில்) திரளும் சிறுநீர்க் கட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் குறியுங்கள்.
4. மூச்சு. ஆழ்ந்து உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்றாக எண்ணி, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். கூடினால் சில மணி நேரத்தில் மீண்டும் எண்ணுங்கள். அப்போதும் கூடவே இருந்தால் மருத்துவரை அழையுங்கள்.
5. முகம். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட வலி அளவுகோல் ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது: காதுகள் விலகிச் சாய்வது, கண் இடுங்குவது, மூக்கு-வாய்ப் பகுதி இறுகுவது, மீசை விறைத்து நேராவது, தலை தோளுக்குக் கீழே தாழ்வது. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். மொத்தம் 10இல் நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலிக்கு மருந்து தேவைப்படலாம். இது திடீரென எழும் வலிக்கான அளவுகோல். நாள்பட்ட மூட்டுவலியை முகம் காட்டாமலும் போகலாம்.
6. ரோமமும் நகமும். இடுப்புப் பக்கம் ரோமம் சிக்குப் பிடித்திருந்தால், அங்கே திரும்பி நக்க முடியாத அளவுக்கு முதுகு வலிக்கிறது என்று சந்தேகியுங்கள். கிழப்பூனையின் நகம் தடித்து, வளைந்து, பாதச் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். ஒவ்வொரு விரலையும் அழுத்திப் பாருங்கள்.

*குறிப்பு:* பூனை திமிறினால் ஆறையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். எடையையும் மூச்சையும் மட்டும் தவறவிடாதீர்கள்.

எண்கள் சொல்வது என்ன?

நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு மிகையாகச் சுரப்பதையோ சர்க்கரை நோயையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். பூனைகளுக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு வருவதை மருத்துவ உலகம் 1979இல்தான் விவரித்தது. இன்று மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். தாகமும் சிறுநீரும் கூடி, பசி குறைந்தால் சிறுநீரகம். திடீரெனக் கண் தெரியாமல் சுவரில் மோதினால் ரத்தக் கொதிப்பு விழித்திரையைப் பிரித்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பார்வை ஓரளவு மீளவும் கூடும். இந்தப் பட்டியல் நீங்களே நோயை முடிவு கட்டுவதற்காக அல்ல. "ரெண்டு மாசமா ஒரு மாதிரி இருக்கு" என்பதைவிட "எட்டு வாரத்தில் 240 கிராம் குறைந்திருக்கிறது, தண்ணீர் இரட்டிப்பாகியிருக்கிறது" என்று சொன்னால் மருத்துவர் சரியான சோதனைக்கு நேரே போகலாம். பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், தைராய்டு ஆகிய நான்கையும் பார்க்கக் கேளுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே அது தெளிவாக ஏறும்.

இந்தச் சோதனைகளுக்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக எழும். முதலாவது, "இந்த வயசுல ஊசியும் சோதனையும் எதுக்கு, நிம்மதியா இருக்கட்டுமே" என்பது. நிம்மதியாக இருக்கிறது என்பது நம் ஊகம். ரத்தக் கொதிப்பும் குமட்டலும் மூட்டுவலியும் உள்ளே இருக்கும்போது அசையாமல் கிடப்பதை நிம்மதி என்று படித்துவிடுகிறோம். இரண்டாவது செலவு. இது நியாயமான கவலை. ஆனால் மூத்த பூனைக்குத் தொடர்ந்து வேண்டியிருக்கும் அம்லோடிபின் (ரத்தக் கொதிப்புக்கு), கார்பிமசோல் (தைராய்டுக்கு) போன்றவை மனிதர்களுக்கான மலிவான மாத்திரைகளே. கால்நடை மருத்துவர் பூனைக்கேற்ற மிகச் சிறிய அளவை எழுதித் தருவார். சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போன்ற அரசுக் கல்லூரிகளின் மருத்துவமனைகளும் இருக்கின்றன. முற்றிய நோய்க்கு அவசர சிகிச்சையாகக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் முன்கூட்டிய சோதனை சிக்கனம்தான். மூன்றாவது, பயணமே பூனையை வதைக்கிறது என்பது. உண்மை, ஆனால் அதற்குத் தீர்வு போகாமலிருப்பது அல்ல. கூண்டை ஒரு வாரம் முன்பே திறந்து வைத்து அதற்குள் சாப்பாடு போடுங்கள். வழியில் துண்டால் மூடுங்கள். காலை முதல் ஆளாகப் போய்விடுங்கள். அப்படியும் மிகவும் அரண்டால், புறப்படும் முன் கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம்.

வீட்டை மாற்றியமைக்கும் வரிசை

1. லிட்டர் பாக்ஸின் ஒரு பக்கச் சுவரைத் தரையிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். மாடி வீடென்றால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று.
2. படுக்கும் இடத்தின் அருகிலேயே தண்ணீர், சாப்பாடு. லிட்டர் பாக்ஸ் அவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும்.
3. ஜன்னல் திண்ணைக்கும் கட்டிலுக்கும் படிபோல உறுதியான பெட்டிகளை வையுங்கள். வழுக்கும் டைல்ஸ், மொசைக் தரையில் நடைபாதைக்கு மட்டும் கால்மிதி போட்டாலும் போதும்.
4. மார்கழிக் குளிரில் தரையிலிருந்து உயர்த்திய, மெத்தென்ற படுக்கை; சித்திரை வெயிலில் காற்றோட்டமான நிழலும் ஈரத்துணி விரித்த ஒரு மூலையும்.
5. பார்வையோ நினைவோ மங்கிய பூனைக்கு இரவு விளக்கு ஒன்று. மரச்சாமான்களை இடம் மாற்றாதீர்கள்.

*பொதுவான தவறு:* லிட்டர் பாக்ஸுக்கு வெளியே சிறுநீர் கழித்தால் திட்டுவது. உள்ளே கால் தூக்கி ஏற முடியவில்லை என்பதோ, அடக்க முடியவில்லை என்பதோதான் பெரும்பாலும் காரணம்.

உணவும் நீரும்

மூத்த பூனைக்குத் தயிர் சாதமும் பாலும் போதும், கறி மீன் செரிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு நேர்மாறானது உண்மை. பூனை முழுமையான ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அது தன் தேவைக்குப் போதுமான அளவில் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்தே பெற வேண்டும். டாரின் குறைந்தால் விழித்திரை சிதைவதை 1975இலும், இதயத் தசை தளர்வதை 1987இலும் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். சிறுநீரகம் நன்றாக உள்ள கிழப்பூனைக்குப் புரதம் குறையவே கூடாது. வயதோடு செரிமானம் மங்குவதால் தரமான புரதம் கூடுதலாகவே வேண்டும். சிறுநீரக நோய் உறுதியானவற்றுக்கு மட்டும் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவு. அது ஆயுளை நீட்டிப்பதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பூனை சாப்பிட்டால்தானே பயன்.

1. புதிய உணவைப் பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றுங்கள். குமட்டல் இருக்கும் நாட்களில் தொடங்கினால் அந்த உணவையே பூனை வெறுத்துவிடும்.
2. ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம் நீர். உலர் உணவில் 10 சதவீதம்தான். முடிந்தவரை ஈர உணவு கொடுத்து, அதோடு இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீரும் கலந்துவிடுங்கள்.
3. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் வாசனை எழும். மூக்கு மங்கிய பூனைக்கு அதுவே பசியைத் தூண்டும்.
4. நாளுக்கு நான்கைந்து முறை, கொஞ்சம் கொஞ்சமாக.
5. தனி உணவை அறவே மறுத்தால் வேறு எதையாவது சாப்பிட விடுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறி, அதுவே உயிரைப் பறிக்கக்கூடும். முழுதாக 24 மணி நேரம் சாப்பிடாவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

*எச்சரிக்கை:* குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டின் உப்பு நோயுற்ற சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் கேடு.

மாத்திரை கொடுக்கும் முறை

1. மாத்திரையை உடைக்கலாமா, சாப்பாட்டோடு தரலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.
2. மேசையில் துண்டு விரித்து, பூனையின் முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கும்படி உட்கார வையுங்கள்.
3. ஒரு கையால் மேலிருந்து தலையைப் பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வாயோரங்களில் படும்படி வைத்து, மூக்கை மேல்நோக்கிச் சற்று உயர்த்துங்கள்.
4. மறுகையின் நடுவிரலால் கீழ்த்தாடையை இறக்கி, நாக்கின் பின்பகுதியில் நடுவாக மாத்திரையைப் போடுங்கள்.
5. வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று கொள்ளலாம்.
6. வாயின் பக்கவாட்டிலிருந்து சிரிஞ்சால் தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுங்கள், மொத்தம் 5 மில்லி. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் புண்ணாக்கும்.

*பாதுகாப்பு:* கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

தோலுக்கடியில் திரவம் ஏற்றுதல்

சிறுநீரக நோயில் நீர்வற்றும் பூனைக்கு வீட்டிலேயே திரவம் ஏற்றச் சொல்வார்கள். மருத்துவர் முன்னிலையில் ஒருமுறையாவது நீங்களே செய்து காட்டிய பிறகே தனியாகச் செய்யுங்கள். நம் ஊரில் எந்த டிரிப்ஸையும் குளுக்கோஸ் என்றே கேட்டு வாங்குகிறோம். இங்கே அது ஆபத்து. குளுக்கோஸ் சேர்ந்த திரவத்தைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. மருத்துவர் எழுதிய பெயர், பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட், பாட்டிலில் அப்படியே இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

1. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பாருங்கள். கலங்கியிருந்தால் எறிந்துவிடுங்கள்.
2. ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஒரு பூனையின் பாட்டிலை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.
3. தோள்களுக்கு நடுவே தளர்ந்த தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்துங்கள்.
4. எழுதித் தந்த அளவு முடிந்ததும் ஊசியை எடுத்து, அந்த இடத்தை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். புடைப்பு சில மணி நேரத்தில் வடியும்.
5. அன்றிரவு மூச்சை எண்ணுங்கள். இதயம் பலவீனமான பூனைக்குத் திரவம் மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு வேகம் கூடினால் அடுத்த முறை ஏற்றாமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

பூனைக்கு எட்டவே கூடாதவை

- பாராசிட்டமால்: ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் நஞ்சு.
- வலி நிவாரண ஜெல், நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த களிம்பு: பூனைக்குத் தடவ வேண்டாம், நீங்கள் தடவிய கையையும் அது நக்க விடாதீர்கள்.
- நாய்க்கான உண்ணி மருந்து: பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும்.
- பூங்கொத்துகளில் வரும் லில்லி: மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். செங்காந்தள் செடியும் நஞ்சு.
- பாச்சை உருண்டை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது அல்லது நீலம் பாரிப்பது, பின்கால்கள் திடீரெனச் செயலிழந்து சில்லிட்டுப் போவது, வலிப்பு, திடீர்க் குருட்டுத்தன்மை, பலமுறை முக்கியும் சிறுநீர் வராமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்புங்கள்.

எப்போது போதும் என்று அறிவது

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் தந்த அளவுகோல் ஏழு கேள்விகள் கொண்டது: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பத்து என்றால் நல்ல நிலை. மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். மதிப்பெண் போடுவது அன்பைக் கணக்கு வழக்காக்குகிறது என்று சிலருக்குத் தோன்றும். கணக்கில்லாத அன்பு நம் ஆசையின் பக்கமே சாயும் என்பதுதான் இதற்குப் பதில். நேற்று ஒரு வாய் சாப்பிட்டதை நினைவில் வைத்து, அதற்கு முந்தைய ஒன்பது நாள் சாப்பிடாததை மறந்துவிடுகிறோம்.

1. பூனை ஓரளவு நன்றாக இருக்கும்போதே, அது மிகவும் விரும்பிச் செய்யும் மூன்றை எழுதி வையுங்கள்: வாசலில் வந்து நிற்பது, வெயிலில் படுப்பது, மடியில் ஏறுவது என்று எதுவாயினும்.
2. நாட்காட்டியில் தினமும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறியுங்கள். வாரம் ஒருமுறை ஏழு கேள்விகளுக்கும் மதிப்பெண் போடுங்கள். வீட்டில் இருவர் தனித்தனியே போடுவது நல்லது.
3. மொத்தம் 35க்குக் கீழே வந்தாலோ, விரும்பும் மூன்றில் இரண்டு நின்றுபோனாலோ, கெட்ட நாட்கள் மிஞ்சினாலோ, மருத்துவரிடம் நோட்டைக் காட்டி, இனி எதைக் குணமாக்க முடியும், எதைத் தணிக்க மட்டும் முடியும் என்று நேராகக் கேளுங்கள்.
4. கருணைக்கொலை என்று முடிவானால், முதலில் தூக்க ஊசி போட்டு, பூனை நினைவிழந்த பிறகே இறுதி மருந்தைச் செலுத்தக் கேளுங்கள்.
5. உடலைப் புதைத்தால் மூன்றடிக்குக் குறையாத குழி வேண்டும். இறுதி மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். நாயோ பறவையோ தோண்டித் தின்றால் அவையும் சாகக்கூடும்.

"உயிரை எடுக்க நமக்கு என்ன உரிமை, இயற்கையாகப் போகட்டும்" என்பது மனச்சாட்சியிலிருந்து வரும் மறுப்பு. அதை மதிக்க வேண்டும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து வரும் இயற்கை மரணம் பெரும்பாலும் உறக்கத்தில் வருவதில்லை. வாய்ப்புண், விடாத குமட்டல், சில நேரம் வலிப்பு என்று நாட்கணக்கில் இழுக்கும். ஊசி வேண்டாம் என்று முடிவெடுப்பவருக்குப் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. வலிக்கும் குமட்டலுக்கும் மருந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்து, இரவிலும் பகலிலும் வேளை தவறாமல் கொடுத்து, உடலைத் துடைத்து, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்து, கடைசி மூச்சுவரை அருகில் இருக்க வேண்டும். அவ்வளவும் செய்ய முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்த ஊசிதான் கருணை. இரண்டில் எந்த வழியானாலும் மருந்தில்லாமல் மூலையில் விட்டுவிடுவது மட்டும் ஒரு வழியாகாது.